யாராவது வருவார்கள் என்ற கணக்கு: டெத் வேலி, ஜூலை 1996

1996 ஜூலை 23. கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவின் தென்மேற்கு மூலையில் வார்ம் ஸ்பிரிங் என்ற இடத்தில், கைவிடப்பட்ட டால்க் சுரங்க முகாம் ஒன்று இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு பதிவேடு உண்டு. அன்று அதில் ஒரு குடும்பம் ஜெர்மன் மொழியில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனது. கணவாயைத் தாண்டிப் போகிறோம் என்பதுதான் அதன் பொருள். இரண்டு பெரியவர்கள், இரண்டு சிறுவர்கள், வாடகைக்கு எடுத்த பச்சை நிற மினிவேன். அந்த வாரக் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஊர் திரும்ப அவர்களுக்கு விமான டிக்கெட் இருந்தது. அந்த விமானத்தில் யாரும் ஏறவில்லை.

மூன்று மாதம் கழித்து, அக்டோபர் பிற்பாதியில், ஹெலிகாப்டரில் வேறு வேலையாகப் பறந்துகொண்டிருந்த பூங்கா ரேஞ்சர் ஒருவர் ஆன்வில் கேன்யன் என்ற வறண்ட மலை ஓடைக்குள் ஒரு மினிவேன் நிற்பதைப் பார்த்தார். மூன்று டயர்கள் கிழிந்து தட்டையாகிக் கிடந்தன. சக்கரங்கள் மணலில் புதைந்திருந்தன. கதவுகள் பூட்டியிருந்தன. ஆட்கள் இல்லை. 2009 நவம்பரில்தான், அதாவது 13 ஆண்டுகளுக்குப் பிறகு, வண்டி நின்ற இடத்துக்குத் தெற்கே பல மைல் தள்ளி எலும்புகள் கிடைத்தன. டிஎன்ஏ சோதனையில் அவை அந்த ஆணுடையவை என்று உறுதியானது. அந்தப் பெண்ணின் அடையாள ஆவணங்களும் அதே பகுதியில் கிடைத்தன. சிறுவர்களின் எச்சங்கள் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவே இல்லை.

இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசும் பலர், "அந்த வெயிலில் அங்கே போனதே முட்டாள்தனம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவர்கள் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், அந்தந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்ததை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கிறது. ஒரு வரைபடத்தில் தெரியும் கோடுகளுக்கு அவரவர் ஊரில் என்ன அர்த்தமோ, அதே அர்த்தத்தைப் பாலைவனத்திலும் கொடுத்துப் படித்தார்கள். அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். ஏனென்றால் நாமும் அப்படித்தான் படிப்போம்.

அமெரிக்க மேற்குக் கரையில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெகு தூரத்துக் கதை இல்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வருவது பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரை. லாஸ் வேகாஸ் கூட்டிப்போவோம். அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினால் டெத் வேலி. ஏழு பேர் உட்கார ஒரு மினிவேன், பின்னால் புளிசாதம், ஒரு அட்டைப்பெட்டி தண்ணீர் பாட்டில். அந்த ஜெர்மன் குடும்பமும் ஏறக்குறைய இதே மாதிரியான பயணத்தில்தான் இருந்தது.

அந்த இடமும் அந்தக் கோடையும்

டெத் வேலி 1933 முதல் தேசிய நினைவிடமாக இருந்து, 1994 அக்டோபரில் தேசியப் பூங்காவானது. பரப்பு 13,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்கு. பள்ளத்தாக்கின் தரையில் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பேட்வாட்டர் என்ற உப்புச் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 86 மீட்டர் தாழ்வு. அங்கே நின்று பின்னால் இருக்கும் பாறைச் சுவரை அண்ணாந்து பார்த்தால் உயரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை தெரியும். கடல் மட்டம் அங்கேதான் என்று குறித்திருப்பார்கள். எதிர்ப்புறம், மேற்கே, பேனமின்ட் மலைத்தொடர். அதன் டெலஸ்கோப் சிகரம் 3,368 மீட்டர். இரண்டு பக்கமும் மலை, நடுவில் பள்ளம். சூடான காற்று மேலே ஏறி, கொஞ்சம் ஆறி, மறுபடி பள்ளத்துக்குள்ளேயே இறங்கி இன்னும் சூடாகிறது. 1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றுவரை உலக சாதனையாக ஏற்கப்பட்டிருக்கிறது. அது காற்றின் வெப்பம். தரையின் வெப்பம் வேறு கணக்கு. 1972 ஜூலையில் அதே ஃபர்னஸ் கிரீக்கில் தரை 93.9 டிகிரியைத் தொட்டது. மயங்கி விழுகிறவர் விழுவது அந்தத் தரையில்தான்.

1996 கோடை வழக்கமான டெத் வேலி கோடைகூட இல்லை. அந்த ஆண்டு 40 நாட்கள் வெயில் 49 டிகிரியைத் தாண்டியது. ஜூலை 22 அன்று இந்தக் குடும்பம் ஃபர்னஸ் கிரீக்கில் உள்ள பார்வையாளர் மையத்துக்குப் போய், ஜெர்மன் மொழிக் கையேடு வாங்கியிருக்கிறது. ஆக, கவனமே இல்லாத ஆட்கள் என்று சொல்ல முடியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள முயன்றிருக்கிறார்கள்.

கணவாய்

மறுநாள் அவர்கள் போன வழியை மனதில் வரைந்துகொண்டால்தான் மற்றது புரியும். பள்ளத்தாக்கின் மேற்கு ஓரமாக வெஸ்ட் சைட் ரோடு என்ற ஜல்லிச் சாலை தெற்கு வடக்காக ஓடுகிறது. அதன் தென்பகுதியிலிருந்து ஒரு மண் சாலை மேற்கே பிரிந்து மலைக்குள் ஏறுகிறது. வார்ம் ஸ்பிரிங் சுரங்க முகாம் வரை அது ஓரளவு நல்ல சாலை. சுரங்க லாரிகள் ஓடிய பாதை. அதற்கு மேல் சாலை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, ப்யூட் வேலி என்ற மேட்டுச் சமவெளிக்குள் நுழைகிறது. அங்கே ஒரு ஊற்றும், நிலவியலாளர் குடில் என்று அழைக்கப்படும் பழைய கல்வீடும் இருக்கின்றன. அதையும் தாண்டினால் மெங்கல் பாஸ் என்ற கணவாய், ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில். அதைக் கடந்து மறுபக்கம் இறங்கினால் பேனமின்ட் பள்ளத்தாக்கு, அப்புறம் தார்ச் சாலை.

வரைபடத்தில் பார்த்தால் இது அருமையான குறுக்கு வழி. வந்த வழியே திரும்பிப் போய்ப் பூங்காவைச் சுற்றி வராமல், மலையைக் குறுக்கே வெட்டி மேற்கே போய்விடலாம். ஆனால் மெங்கல் பாஸ் நான்கு சக்கர இழுவையும் நல்ல தரை இடைவெளியும் உள்ள வண்டிக்கே சவாலான இடம். பெரிய பாறைப் படிகள் மேல் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். நகரத்து மினிவேனால் நிச்சயம் முடியாது.

இங்கே நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். அந்தச் சாலை அவர்களை ஒரே இடத்தில் மறித்து எச்சரித்திருந்தால் திரும்பியிருப்பார்கள். அது அப்படிச் செய்யவில்லை. ஜல்லிச் சாலை பரவாயில்லை என்று தோன்றியிருக்கும். அதைவிடக் கொஞ்சம் மோசமான மண் சாலையும் சமாளிக்க முடிந்திருக்கும். அப்புறம் ஒரு பள்ளம், ஒரு பாறை, ஒரு மணல் திட்டு. ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு பிடி மோசம், அவ்வளவுதான். இதுவரை வந்தாயிற்று, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று ஓட்டுகிறவர் யாருக்கும் தோன்றும். பாலைவன மண் சாலைகளில் பெரும்பாலான விபரீதங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன.

கணவாய் முடியாது என்று தெரிந்ததும் அவர்கள் செய்திருக்க வேண்டியது வந்த வழியே இறங்குவது. மோசமான சாலைதான், ஆனால் தெரிந்த சாலை. டயர் தாங்கியது என்பது ஏற்கனவே நிரூபணமான சாலை. அதற்குப் பதிலாக, ப்யூட் வேலியிலிருந்து கிழக்கே பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் ஆன்வில் கேன்யனுக்குள் வண்டியை விட்டார்கள். ஏன் என்று சொல்ல இன்று யாரும் உயிரோடு இல்லை. என் ஊகம் இது: பட்ட பாடு மனதில் பசுமையாக இருக்கும்போது, பார்க்காத சாலை எப்போதும் நல்ல சாலையாகத்தான் தெரியும். வரைபடத்தில் அது நேராகவும் குட்டையாகவும் இருந்தது.

ஆனால் அது சாலையே இல்லை. 1994ல் டெத் வேலியைத் தேசியப் பூங்காவாக்கிய அதே சட்டம் அதன் பெரும்பகுதியை வாகனம் நுழையக்கூடாத, இயற்கையாகவே விடப்பட வேண்டிய பகுதியாக அறிவித்தது. ஆன்வில் கேன்யன் அதற்குள் வந்துவிட்டது. அதற்கு முன் ஜீப்புகள் போய்க்கொண்டிருந்த தடம் அது. சட்டம் வந்ததும் போக்குவரத்து நின்றது. இரண்டு ஆண்டுகளில் வெள்ளமும் மணலும் தடத்தை விழுங்கிவிட்டன. பழைய வரைபடங்களில் மட்டும் கோடு அப்படியே இருந்தது. அதன் விளைவு வண்டி சிக்கியதோடு முடியவில்லை. மூடப்பட்ட தடம் என்பதால் மறுநாளும் அந்த வழியாக வேறு வண்டி வராது. அடுத்த வாரமும் வராது.

ஒரு டயர் போன பிறகும் ஓட்டியிருக்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது. மணலில் நின்றால் கிளம்ப முடியாது என்ற பயம் இருந்திருக்கும். வண்டி கடைசியில் நின்ற இடத்தில் அவர்களிடம் இருந்தது, இருந்த தண்ணீர், நிழலுக்கு ஒரு இரும்புப் பெட்டி, சில மைல் மேலே அவர்கள் ஏற்கனவே கடந்து வந்த ஊற்றும் கல்வீடும்.

எந்தப் பக்கம் நடப்பது

வண்டி கிடைத்ததும் 200க்கும் மேற்பட்டவர்கள் நாட்கணக்கில் தேடினார்கள். குதிரைகள் வந்தன, ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆன்வில் ஓடையில் ஒரு மைலுக்கு மேல் கீழே, ஒரு புதரின் அடியில், ஒரு பீர் பாட்டில் கிடைத்தது. வண்டியில் இருந்த அதே வகை. யாரோ அந்த நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கு மேல் தடயம் இல்லை. தேடுதல் கைவிடப்பட்டது.

தேடியவர்கள் திறமை இல்லாதவர்கள் அல்ல. அவர்கள் பாலைவனத்தை நன்றாக அறிந்தவர்கள். அறிந்தவர்கள் என்பதாலேயே, அறிவுள்ள யாரும் போகாத திசைகளை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலைமீட்புக் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஆண்டுகள் கழித்து இந்தக் கோப்பைக் கையில் எடுத்தபோது வேறு கேள்வி கேட்டார். பாலைவனம் தெரியாத ஒரு ஐரோப்பியக் குடும்பத்தின் கையில் அந்த வரைபடத்தைக் கொடுத்தால் எங்கே போவார்கள்?

வரைபடத்தில் தெற்கே ஒரு பெரிய எல்லைக்கோடு இருக்கிறது. சைனா லேக் கடற்படை ஆயுதச் சோதனைத் தளம். ஜெர்மனியில் ராணுவத் தளம் என்றால் முள்வேலி, காவல் ரோந்து, வேலியைத் தொட்டாலே யாராவது வந்து விசாரிப்பார்கள். வரைபடத்தில் அந்தக் கோடு வரை உள்ள தூரத்தை அளந்து, அங்கே போனால் மனிதர்கள் இருப்பார்கள், உதவி கிடைக்கும் என்று அவர்கள் நம்பியிருக்கலாம். நிஜத்தில் சைனா லேக் தளம் 4,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த வெற்றுப் பாலைவனம். அந்த எல்லையில் வேலியும் இல்லை, ஆளும் இல்லை. அதைக் கடந்தாலும் கடந்தது தெரியாது. இந்த ஊகத்தின்படி தெற்கே தேடப் போனபோதுதான், ஒரு துணையாளுடன் அவர் அந்த எலும்புகளைக் கண்டார். ஊகத்தை முழுமையாக நிரூபிக்க வழியில்லை. ஆனால் தேடிய இடத்தில் ஆள் கிடைத்தார் என்பதைவிடப் பெரிய சான்று இதில் எதிர்பார்க்க முடியாது.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. ராமநாதபுரத்துப் பக்கமோ, தர்மபுரிப் பக்கமோ, எவ்வளவு ஒதுக்குப்புறமான மண் சாலையில் வண்டி நின்றாலும் அரை மணி நேரத்தில் ஒரு பைக் வரும், இல்லையென்றால் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வருவார். "எங்க போகணும் தம்பி" என்பார். பஞ்சர் கடைக்காரர் நம்பர் அவரிடம் இருக்கும். பாதை என்று ஒன்று இருந்தால் அதன் முனையில் ஒரு டீக்கடை இருக்கும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்த விஷயம். ஜெர்மானியர்கள் வேலியை நம்பினார்கள் என்றால் நாம் டீக்கடையை நம்புவோம். டெத் வேலியின் உட்சாலைகளில் கோடையில் நாட்கணக்கில் யாரும் வராமல் இருக்கலாம்.

நடக்கும் உடலுக்கு என்ன ஆகிறது

சென்னை வெயிலில் வளர்ந்தவர்கள் "எங்களுக்கு வெயில் புதுசா" என்று கேட்பார்கள். இது வேறு வெயில். சென்னையில் வியர்வை வடியும், சட்டை நனையும், உடம்பு தண்ணீரை இழக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். டெத் வேலியின் வறண்ட காற்றில் வியர்வை வந்த கணமே ஆவியாகிவிடும். தோலைத் தொட்டால் காய்ந்திருக்கும். காலர் ஓரத்திலும் தொப்பியின் விளிம்பிலும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருப்பதைப் பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று புரியும். இதற்கிடையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வெளியேறியிருக்கும். தாகம் எப்போதும் பின்தங்கித்தான் வரும். இழப்பு கூடக்கூட முதலில் மழுங்குவது தீர்ப்புத் திறன். எந்த முடிவை மிகத் தெளிவாக எடுக்க வேண்டுமோ அதை எடுக்கும் நேரத்தில் மூளை அரைகுறையாக வேலை செய்யும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பெரியவர்கள், இரண்டு சிறுவர்கள், 45 டிகிரி வெயிலில் ஒரு பகல் நடக்க முப்பது லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். அது முப்பது கிலோ எடை. சிறுவர்களில் ஒருவன் பள்ளிக்குப் போகும் வயதைக்கூட எட்டாதவன், பாதி தூரம் அவனைத் தூக்க வேண்டியிருந்திருக்கும். ஆக, எந்தப் பக்கம் நடந்திருந்தாலும் பகலில் நடந்திருந்தால் விடை ஒன்றுதான். வண்டியின் நிழலிலேயே இருந்து, வெயில் தாழ்ந்த பிறகு வந்த வழியே ஊற்றுக்குத் திரும்புவது ஒன்றுதான் கணக்கு ஒத்துவரும் வழி. மேலே ஏற ஏற வெப்பம் குறையும் என்பதும் அதற்குச் சாதகம். 300 மீட்டர் ஏறினால் இரண்டு, மூன்று டிகிரி குறையும்.

2015 ஆகஸ்டில் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில் நடந்ததும் இங்கே பொருந்தும். வெள்ளை ஜிப்சம் மணல்மேடுகள் மேல் 8 கிலோமீட்டர் சுற்றுப் பாதை. ஒரு பிரெஞ்சுத் தம்பதி, கூடவே ஒன்பது வயது மகன். கையில் அரை லிட்டரைவிடச் சற்றுப் பெரிய இரண்டு தண்ணீர் பாட்டில்கள். வெயில் 38 டிகிரிதான், சென்னையில் சாதாரணம். இருவரும் இறந்தார்கள், மகன் பிழைத்தான். தாங்கள் ஒரு வாய் குடித்தால் அவனுக்கு இரண்டு வாய் கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்த ஷெரிஃப் சொன்னார். எட்டு கிலோமீட்டர் என்பது மெரினாவில் காலை நடை போகிறவர்களுக்குப் பெரிய தூரம் இல்லை. நிழல் இல்லாத மணலில், பாதையைக் காட்டும் கம்பங்களைத் தேடிக்கொண்டு நடக்கும்போது அது வேறு தூரம்.

அதே மலை, 1850

டெத் வேலிக்கு அந்தப் பெயர் வந்த கதையே ஒரு குறுக்கு வழிக் கதைதான். 1849ல் தங்கம் தேடிக் கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்ட ஒரு வண்டிக் கூட்டம், தெரிந்த தடத்தை விட்டு, வரைபடம் ஒன்றில் காட்டிய சுருக்கு வழியை நம்பிப் பிரிந்தது. டிசம்பர் கடைசியில் இந்தப் பள்ளத்தாக்கில் வந்து மாட்டிக்கொண்டது. மேற்கே பேனமின்ட் மலை மறித்து நின்றது. மாட்டு வண்டிகளைக் கடத்த வழியில்லை.

குழந்தைகள் இருந்த குடும்பங்கள் அப்போது எடுத்த முடிவுதான் முக்கியம். இன்று பென்னட்ஸ் வெல் என்று அழைக்கப்படும் பகுதியில், தண்ணீர் இருக்கும் இடத்தில், அவர்கள் தங்கிவிட்டார்கள். கூட்டத்தில் திடமான இரண்டு இளைஞர்கள், வில்லியம் லூயிஸ் மேன்லியும் ஜான் ராஜர்ஸும், மட்டும் மலையைக் கடந்து உதவி தேடிப் போனார்கள். போக வர நானூறு கிலோமீட்டரைவிட மிக அதிகம். 26 நாள் கழித்து உணவோடு திரும்பி வந்து, காத்திருந்தவர்களை வெளியே அழைத்துப் போனார்கள். வழியில் அவர்கள் ஒரு பிணத்தைக் கண்டார்கள். தண்ணீரை விட்டுக் கிளம்பிப் போய், முடியாமல், முகாமுக்குத் தனியாகத் திரும்பி நடந்தவர் அவர். பென்னட்ஸ் வெல் இருப்பது வெஸ்ட் சைட் ரோட்டின் ஓரத்திலேயே. 1996ல் அந்த மினிவேன் போன மலைத்தொடரும் அதே பேனமின்ட்தான்.

மேன்லியின் கூட்டத்துக்கு அது குளிர்காலம் என்ற சாதகம் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் தண்ணீர் உள்ள இடத்தில் குழந்தைகளை இருத்திவிட்டுத் திடமானவர்கள் மட்டும் போவது என்பது எந்தக் காலத்துக்கும் பொருந்தும். அந்தப் பள்ளத்தாக்கைத் தங்கள் வீடாகக் கொண்டிருந்த டிம்பிஷா ஷோஷோனி மக்கள் கோடையில் பள்ளத்தாக்கின் தரையில் தங்கவே மாட்டார்கள். வெயில் ஏறியதும் குடும்பத்தோடு பேனமின்ட் மலைமேல் ஏறி, பைன் கொட்டை சேகரித்து, குளிர் வந்த பிறகுதான் இறங்குவார்கள். அந்த இடத்தைப் பற்றிய மிக நம்பகமான பயணக் குறிப்பு அவர்களுடைய இந்த நடைமுறைதான் என்பேன்.

கருவி மாறியது, பிழை மாறவில்லை

2009 ஆகஸ்டில் ஒரு தாயும் அவருடைய ஆறு வயது மகனும் முகாம் போட டெத் வேலிக்குப் போனார்கள். கையில் இருந்தது ஜிபிஎஸ். அது காட்டிய சாலை பல ஆண்டுகளுக்கு முன்பே இல்லாமல் போயிருந்தது. ஜீப்பின் சக்கரம் ஏதோ விலங்கு தோண்டிய வளைக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. ரேஞ்சர் கண்டுபிடித்தபோது ஐந்து நாளாகியிருந்தது. தாய் உயிரோடு இருந்தார், மகன் இல்லை. 1996ல் காகிதத்தில் இருந்த செத்துப்போன சாலைகள் 2009ல் திரைக்குள் குடியேறியிருந்தன. இதற்குப் பிறகு பூங்கா ரேஞ்சர் ஒருவர் வரைபட நிறுவனங்களோடு பேசி, இல்லாத சாலைகளை ஒவ்வொன்றாக நீக்க வைத்தார். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் சாலைகள் புதிதாகச் செத்துக்கொண்டும் இருக்கின்றன. 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் 37 மில்லிமீட்டர் மழை பெய்து சுமார் ஆயிரம் பேர் பூங்காவுக்குள் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹிலரி புயல் அதைவிட அதிகம் கொட்டி, பூங்காவையே இரண்டு மாதம் மூட வைத்தது.

மீட்க ஹெலிகாப்டர் வரும் என்ற நம்பிக்கையும் கோடையில் உதவாது. காற்று சூடாக ஆக அதன் அடர்த்தி குறையும், இறக்கைகளுக்குத் தூக்கு சக்தி கிடைக்காது. 2023 ஜூலையில் கோல்டன் கேன்யன் நடைபாதையின் தொடக்கத்தில், வண்டி நிறுத்துமிடத்துக் கழிவறைக்கு வெளியே, ஒரு முதியவர் சுருண்டு விழுந்து இறந்தார். 49 டிகிரி வெயிலில் மருத்துவ ஹெலிகாப்டரால் பறந்து வர முடியவில்லை. 2024 ஜூலையில் பேட்வாட்டர் பக்கம் மோட்டார் சைக்கிள் குழு ஒன்று 53 டிகிரியில் சிக்கி, ஒருவர் இறந்தபோதும் அதே நிலைமை. இவை இரண்டும் தார்ச் சாலை ஓரத்தில் நடந்தவை.

இதை வைத்து என்ன செய்வது

டெத் வேலிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நவம்பர் முதல் மார்ச் வரை அது அற்புதமான இடம். மெஸ்கீட் மணல்மேடுகளில் விடிகாலையில் நடக்கலாம். கோல்டன் கேன்யனுக்குள் மஞ்சள் மலைச்சுவர்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வரலாம். நடக்க முடியாத பெற்றோரை டான்டேஸ் வியூ வரை வண்டியிலேயே கூட்டிப்போய், 1,669 மீட்டர் உயரத்திலிருந்து மொத்தப் பள்ளத்தாக்கையும் காட்டலாம். ஜூலையில்தான் வர முடியும் என்றால் காலை பத்து மணிக்கு மேல் தாழ்வான பகுதிகளில் நடக்கக் கூடாது என்று பூங்கா சொல்வதை அப்படியே கேட்க வேண்டும். தார்ச் சாலையை விட்டு இறங்கவே கூடாது. டான்டேஸ் வியூவில் கீழே இருப்பதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைவாக இருக்கும், கோடையில் வரும் பெரியவர்களுக்கு அது ஒன்றே போதும்.

வாடகை மினிவேனில் ஜல்லிச் சாலை வேண்டவே வேண்டாம். வாடகை ஒப்பந்தங்கள் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை. அந்த டயர்கள் நகரத்துக்கானவை, அங்கத்திய கல் கத்தி மாதிரி கிழிக்கும். ரேஸ்டிராக் என்ற வறண்ட ஏரிப் படுகை போன்ற இடங்களைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் தடிமனான டயர் போட்ட ஜீப்பைப் பூங்காவிலேயே வாடகைக்கு எடுக்கலாம். கிளம்பும் காலையில் பார்வையாளர் மையத்தில் ரேஞ்சரிடம் வண்டியின் பெயரைச் சொல்லி, "இந்தச் சாலை இன்று எப்படி இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்பது குறைந்தபட்சம். நடப்பதாக இருந்தால் அதைப்போல் இருமடங்கு, அதுவும் வண்டியிலேயே இருக்க வேண்டும், தங்கும் விடுதியில் அல்ல. பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியோ, அந்த வசதியுள்ள புதிய போனோ ஒன்று குழுவில் இருப்பது நல்லது, அதைத் திறந்த வெளியில் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட்டு.

அப்புறம், இந்தச் சம்பவத்தில் எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது ஒன்று இருக்கிறது. அந்த நால்வர் எங்கே இருக்கிறார்கள் என்று அன்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஊரில் உள்ள உறவினர்களுக்கு அவர்கள் அமெரிக்காவில் இருப்பது தெரியும், அவ்வளவுதான். சுரங்க முகாமின் பதிவேட்டை யாரும் தினமும் போய்ப் புரட்டிப் பார்ப்பதில்லை. விமானத்தைத் தவறவிட்டபோதுதான் காணவில்லை என்றே தெரிந்தது, அப்போதும் தேட வேண்டியது கலிஃபோர்னியா முழுவதும். வண்டி தற்செயலாகக் கண்ணில் படும்வரை டெத் வேலியில் ஒருவரும் அவர்களைத் தேடவில்லை. பகல்நேர நடைக்கு வருகிறவர்கள் திரும்பினார்களா என்று பூங்கா கணக்கு வைப்பதில்லை, இன்றும் அப்படித்தான். அதனால் கிளம்பும் முன் அமெரிக்காவிலேயே வீட்டில் இருக்கும் ஒருவருக்கு, அண்ணனோ தோழியோ, வண்டி எண், போகும் சாலையின் பெயர், நடக்கப் போகும் பாதை, தார்ச் சாலைக்குத் திரும்பும் நேரம் இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். இரவு ஒன்பது மணிக்குள் எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் காலைவரை காத்திருக்காமல் 911ஐ அழைத்து டெத் வேலி என்று சொல் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள்.